அணுகுண்டுக்கு விரித்த வலை
நடுங்கும் நிலம் – 9

நிலநடுக்க ஆய்வின் முன்னோடி ஜான் மில்ன் காலத்துத் தலைவலி அவருக்குப் பிறகும் தீரவில்லை. 1950களில்கூட நிலநடுக்கப் பதிவு என்பது ஊருக்கு ஒரு கருவி, கருவிக்கு ஒரு கணக்கு. கடிகாரங்கள் ஒத்துப்போகாது. தாளில் கோடு முதலில் மேலே எகிறியிருந்தால் தரை எழும்பியது என்று பொருளா, இல்லை எவரோ கம்பியை மாற்றிக் கொடுத்துவிட்டாரா? கடிதம் போட்டுக் கேட்க வேண்டும்.

விடிவு வந்தது போர் பயத்தால். 1958இல் ஜெனீவாவில் நிபுணர்கள் கூடி, அணு ஆயுதச் சோதனையைத் தடைசெய்தால் நிலத்தடியில் திருட்டுத்தனமாக வெடிப்பவரைப் பிடிப்பது எப்படி என்று யோசித்தார்கள். நில அதிர்வை வைத்துத்தான் பிடிக்க முடியும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை பணத்தை இறைத்தது. 1960களில் உலகெங்கும் சுமார் 120 நிலையங்கள், அத்தனையிலும் ஒரே வகைக் கருவி. நம் கொடைக்கானலிலும் ஒன்று இருந்தது. சோவியத் யூனியனும் சீனாவும் சேரவில்லை.

இருட்டறையில் உருளைமேல் போட்டோ தாளைச் சுற்றிவிடுவார்கள். நிலம் அசைந்தால் தாளில் விழும் ஒளிப்புள்ளி விலகிக் கோடு நெளியும். நிமிடத்துக்கு ஒரு நேரக்குறி. வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு, மேல்-கீழ் என்று மூன்று அசைவுகள். ஒவ்வொன்றிலும் வேகமான அதிர்வுக்கு ஒரு தாள், மந்தமான அதிர்வுக்கு ஒரு தாள். ஆக, நாளுக்கு ஆறு. கழுவிக் காயவைத்து அமெரிக்காவுக்கு அனுப்பினால், அங்கே 70 மில்லிமீட்டர் படச்சுருளில் நகலெடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நகல் வேண்டுமென்று கேட்கும் ஆராய்ச்சியாளருக்குச் சொற்ப விலைக்குக் கிடைக்கும். கருவிகளைவிட இந்த ஏற்பாடுதான் பெரிய காரியம் என்பேன்.

அமெரிக்காவின் லாமான்ட் ஆய்வகத்தில் நில அதிர்வை ஆராய்ந்த லின் சைக்ஸ் அந்த நகல்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்டங்கள் நகர்வதும் கடல்தரை இருபுறமும் விரிவதும் உண்மையானால், கடலடி மலைத்தொடர்களைக் குறுக்கே வெட்டும் பிளவுகளில், பார்த்தால் தோன்றும் திசைக்கு நேர் எதிராகத்தான் நிலம் நகர வேண்டும் என்று கனடா நாட்டு நிலவியலாளர் டூசோ வில்சன் 1965இல் சொல்லியிருந்தார். எந்த நிலையத்தில் முதல் கோடு ஏறியது, எதில் இறங்கியது என்று சைக்ஸ் ஒவ்வொன்றாகக் குறித்துப் பார்த்தார். வில்சன் சொன்னது சரி. 1967இல் கட்டுரை வெளிவந்தது. கண்டம் நகருமா என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்த பலர் அதன் பிறகு மனம் மாறினார்கள்.

இதே அணுகுண்டு வேட்டைக்காக 1990களில் இன்னொரு வலை விரித்தார்கள். 1996இன் சோதனைத் தடை ஒப்பந்தத்தையொட்டி அமைந்த அந்த வலையின் பதிவுகள் உறுப்பு நாடுகளுக்கு மட்டும்தான் போயின. சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்து சுனாமி எழுந்த 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி எச்சரிக்கை மையங்களுக்கு அவற்றைத் தர வழியில்லை. 2005இல் சோதனை முறையில் தரத் தொடங்கி, 2006 நவம்பரில்தான் முறையாக அனுமதித்தார்கள்.

தந்திருந்தால் நாகப்பட்டினம் பிழைத்திருக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை. வேறு நிலையங்களின் பதிவுகளைக் கொண்டே ஹவாயிலுள்ள சுனாமி எச்சரிக்கை மையம் கால் மணி நேரத்தில் அறிக்கை விட்டுவிட்டது; நிலநடுக்கத்தின் அளவைத்தான் முதலில் 8 என்று குறைத்துக் கணித்தது. அலை நம் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவகாசம் இருந்தும், இந்தியப் பெருங்கடலில் சேதியை வாங்கிக் கரைக்குச் சொல்ல ஒரு மையமும் கிடையாது. ஹைதராபாத்தில் அப்படி ஒன்று 2007இல்தான் வந்தது. கடலடி அழுத்தமானிகளை வைத்து அது அலையை அளக்கும் விதத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)