கன சாரீரமும் களரியும்

செஞ்சிக் கோட்டையைச் சூழ்ந்த கிராமங்களில் திரௌபதி அம்மனுக்குக் கொடியேற்றிப் பாரதம் தொடங்கிவிட்டால், பிற்பகலில் பிரசங்கியார் வில்லிபுத்தூராரின் பாட்டைப் பாடிப் பொருள் விரிக்க, இரவில் கூத்தர்கள் அதே கதையை விடியும்வரை ஆடிப் பாட, பத்து நாளோ இருபது நாளோ அந்த ஊருக்கு உறக்கம் இரண்டாம் பட்சமாகிவிடும். அந்தக் கூத்தின் ஆட்டத்தைப் பற்றியும், முகத்தில் தீட்டும் வர்ணங்களைப் பற்றியும், கண்ணாடிச் சில்லுகள் பதித்த கிரீடத்தையும் புஜகீர்த்தியையும் பற்றியும் எழுதியோர் பலர். ஆனால் அவ்வளவையும் தாங்கி நிற்கும் குரலைப் பற்றி, ஒரு கூத்தனுக்குச் சாரீரம் எப்படி வாய்க்கிறது, எந்த வயதில் அவனைக் கைவிடப் பார்க்கிறது, எந்த வேஷத்தில் அவனை ஊரறியச் செய்கிறது என்பதைப் பற்றி, நாம் அதிகம் சிந்தித்ததில்லை. தெருக்கூத்து முதலில் சங்கீதம், பிறகுதான் மற்றதெல்லாம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஐரோப்பாவில் இதற்கு நெருங்கிய உறவுடைய கலையை ஓபரா என்கிறார்கள். 1607-ஆம் ஆண்டில் இத்தாலியின் மாண்டுவா நகர அரண்மனையில் மாண்டெவெர்டியின் 'ஓர்ஃபியோ' அரங்கேறிய காலந்தொட்டு, கதை முழுவதையும் பாட்டினாலேயே நடத்திச் செல்லும் அக்கலையில், ஆண்களின் குரலைப் பொதுவாக மூன்றாகப் பிரிப்பார்கள்: மேல் ஸ்தாயியில் ஒலிப்பது டெனர், கீழே ஆழ்ந்து ஒலிப்பது பாஸ், இரண்டுக்கும் நடுவில், கனமும் உயரமும் ஒருங்கே கொண்டு ஒலிப்பது பாரிடோன். டெனருக்குப் பெரும்பாலும் காதலன் வேஷம் போய்விடும். தகப்பனும் அரசனும் துரோகியும் பழிவாங்குபவனும் பாரிடோனின் பங்குக்கு வருவார்கள். 1847-இல் 'மாக்பெத்' என்ற பேராசைக்காரனையும், 1851-இல் 'ரிகொலெட்டோ' என்ற கூன்முதுகு விதூஷகனையும் நாடகங்களின் நாயகர்களாக்கி, அவ்விரண்டு வேஷங்களையும் பாரிடோன் குரலுக்கே எழுதியவர் வெர்டி. இந்தக் குரல் தாமதமாகப் பழுப்பது. சங்கீதப் பள்ளியில் பல ஆண்டுகள் பயின்ற வாலிபன், தூதனாகவும் காவலனாகவும் நாலு வரி பாடி நின்று, போட்டிகளில் பரிசு வாங்கி, முப்பது வயதைக் கடந்த பிறகே பெரிய வேஷங்களுக்குத் துணிவான். அவசரப்பட்டவன் தொண்டையை இழப்பான் என்று அவனுடைய ஆசிரியர்கள் எச்சரிப்பார்கள்.

செஞ்சிச் சீமையில் வளர்ந்து வரும் ஒரு கூத்தனின் பாதையும் ஏறக்குறைய இதுதான். பள்ளி மட்டும் இல்லை. தகப்பனாரோ தாய்மாமனோ ஜமா எனப்படும் கூத்துக் குழுவில் இருந்தால், பையன் நடக்கத் தொடங்கும்போதே பெட்டிகளின் நடுவே உறங்கிப் பழகியிருப்பான். எட்டு, பத்து வயதில், பலராமனோ கண்ணனோ பாலகனாக வரும் சிறு வேஷத்தில் அவனை நிறுத்திப் பார்ப்பார்கள். முதல் வரிசையில் கோரைப்பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, ஐம்பது ரூபாய் நோட்டை அவன் சட்டையில் குத்திவிட்டு, "தம்பிக்குச் சாரீரம் இருக்கு, வாத்தியாரே, விட்டுடாதீங்க" என்று சொல்லிப் போவாரானால், அவன் வாழ்க்கை அன்றைக்கே ஒருவாறு நிச்சயமாகிவிடுகிறது. பெருங்கட்டூர்க் கூத்து மரபில் வந்து, காஞ்சிபுரத்தை மையமாக வைத்துக் கட்டைக்கூத்துச் சங்கத்தை வளர்த்த பி. ராஜகோபால், தந்தையாரின் குழுவில் ஆடத் தொடங்கியது பத்தாவது வயதில்.

அப்புறம் வருகிறது கண்டம். பதின்மூன்று, பதினான்கு வயதில் மகரக்கட்டு உடைகிறது. நேற்றுவரை முகவீணை என்ற குழல் வாத்தியத்தோடு சரிக்குச் சரி ஏறிய குரல், இன்று நடு ஸ்தாயியிலேயே தடுக்கி விழுகிறது. பெண் வேஷங்களையும் ஆண்களே கட்டிவந்த மரபில், இளங்குரல் உள்ள பையனுக்குத் திரௌபதியின் தோழியாகவோ சுபத்திரையாகவோ நிற்க இடமுண்டு. குரல் தடித்துவிட்டால் அந்த இடம் போய்விடும். கூத்தின் சுருதியோ மிக உயர்ந்தது. சபைக் கச்சேரியில் ஆண் வித்வான் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் நிம்மதியாக உட்கார்ந்து பாடுகையில், கூத்தன் அதற்கு வெகு மேலே ஏறி நின்றுகொண்டு, ஆடிக்கொண்டும் பாட வேண்டும். ஆகவே கனத்த சாரீரம் அமைந்த வாலிபனுக்கு இது சோதனைக் காலம். கத்தி ஏற்றினால் குரல் கிழியும். ஏற்றாவிட்டால் கூட்டம் கலையும். நல்ல வாத்தியார் இந்தக் காலத்தில் அவனைப் பின்பாட்டில் உட்கார வைக்கிறார். தாளத்தைக் கையில் கொடுத்து, மற்றவர் பாடும் அடியைத் திருப்பிப் பாடச் செய்கிறார். தருவும் விருத்தமும் கொச்சகமும் வசனமும் அவனுக்கு மனப்பாடமாவது இங்கேதான். எந்த இடத்தில் மூச்சு வாங்குவது, எந்தச் சொல்லின்மேல் குரலைச் சாய்ப்பது, எந்த வரியை முகவீணைக்காரரிடம் விட்டுவிட்டு ஓய்வெடுப்பது என்பதெல்லாம் அவன் காதுவழியே உள்ளே இறங்குவதும் இங்கேதான். இந்த இரண்டு மூன்று வருஷங்களைப் பொறுமையாகக் கழித்தவனே பிற்பாடு பெரிய கூத்தனாகிறான்.

கன சாரீரத்துக்கென்று கூத்து வைத்திருக்கும் சிம்மாசனம் துரியோதனன். பீமனும் துச்சாதனனும் கீசகனும் அந்தக் குரலுக்கு ஏற்றவர்களே என்றாலும், துரியோதனன் வேஷம் கைக்கு வந்துவிட்டால் ஜமாவின் பெயரே அவன் பெயரால் சொல்லப்படும். அந்தப் பிரவேசத்தைக் கிட்டே இருந்து பார்க்க வேண்டும். களரி கட்டி, மிருதங்கமும் டோலக்கும் ஹார்மோனியமும் ஊரை எழுப்பிவிட்ட பின்னர், கட்டியங்காரன் வந்து மகாராஜா வருகிறார் என்று முழங்க, இருவர் ஒரு திரையை இழுத்துப் பிடித்துக்கொள்கிறார்கள். ஆள் தெரியவில்லை; திரைக்கு மேலே கிரீடத்தின் உச்சி மட்டும் விளக்கொளியில் மினுங்குகிறது. முதலில் வருவது குரல். திரை விருத்தத்தின் முதலடியை அவன் தாழ்வாகத் தொடங்கி, தாளமில்லாமல் இழுத்து, ஒரே மூச்சில் மேலே கொண்டுபோய் நிறுத்தும்போது, வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த கைகளெல்லாம் அப்படியே நின்றுவிடும். பிறகு திரையின் ஓரத்தில் சலங்கை கட்டிய கால் ஒன்று தெரியும். ஒரு பக்கத்துப் புஜகீர்த்தி தெரியும். அரிதாரம் பூசிச் சிவந்த முகத்தின் பாதி தெரிந்து மறையும். திரை விலகி முழு உருவமும் வெளிப்பட்டுச் சுழன்றாடுவதற்குள், அவன் யார், எவ்வளவு கர்வி, எவ்வளவு பெரிய அழிவை நோக்கிப் போகிறான் என்பதைக் குரலே சொல்லி முடித்துவிட்டிருக்கும். உலகத்தின் எந்த ஓபரா அரங்கத்திலும் ஒரு பாரிடோனுக்கு இதைவிடச் சிறந்த பிரவேசம் எழுதப்பட்டிருப்பதாக நான் நினைக்கவில்லை.

ஒலிபெருக்கியில்லாமல் ஒரு மனிதக் குரல் நூறு வாத்தியங்களைக் கடந்து கேட்பது எப்படி என்று ஆராய்ந்த ஸ்வீடன் நாட்டு அறிஞர் யோஹான் சுண்ட்பெரி, வாத்தியக் கோஷ்டியின் வலிமை 500 ஹெர்ட்ஸ் அளவில் மிகுந்து அதற்கு மேலே படிப்படியாகக் குறைந்துவிடுவதையும், பயிற்சி பெற்ற ஓபராப் பாடகனுடைய தொண்டை 3000 ஹெர்ட்ஸ் அளவில் ஒலியைத் திரட்டிக் கொடுப்பதையும் கண்டு சொன்னார். வாத்தியங்கள் மெலியும் இடத்தில் குரல் வலுப்பதனால் அது தனித்துக் கேட்கிறது. கூரையும் சுவரும் உள்ள மாளிகையில் அங்கே செய்கிற காரியத்தை, இங்கே அறுவடை முடிந்த வயலில், எதிரொலிக்க ஒரு சுவருமின்றிச் செய்தாக வேண்டியிருந்தது. அதற்குக் கூத்து கண்ட வழிகள் வேறு. உயர்ந்த சுருதி ஒன்று. பாடகன் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திருப்பிப் பாடுவது மற்றொன்று. இதனால் கடைசி வரிசைக்குச் சொல் தப்பாமல் போய்ச் சேருகிறது, ஆடுகிறவனுக்கும் மூச்சு திரும்புகிறது. இடையிடையே கட்டியங்காரன் புகுந்து சிரிக்க வைக்கும் நேரம் தொண்டைக்குக் கிடைக்கும் விடுமுறை. இத்தனை ஏற்பாடு இருந்தும், இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கிக் காலைவரை பாடுகிறவனுக்கு மிளகும் பனங்கற்கண்டும் சுடுதண்ணீருமே மருந்து.

பதினெட்டாம் போர் நடக்கும் இரவு அந்தக் குரலுக்கு உச்சப் பரீட்சை. இராத்திரி முழுவதும் பாடி, கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிய ஆபரணங்களின் பாரத்தோடு ஆடிக் களைத்தவன், பொழுது விடிந்ததும் படுகளத்துக்குப் போக வேண்டும். அங்கே மண்ணால் படுக்க வைத்துச் செய்த துரியோதனனின் பிரம்மாண்டமான உருவத்தைச் சுற்றிப் பீமன் துரத்த, இவன் பாடிக்கொண்டும் வசைமொழி பேசிக்கொண்டும் ஓட வேண்டும். தொடை பிளந்து, திரௌபதி கூந்தல் முடிந்து, மாலையில் தீமிதி நடந்தேறும். வெயிலில், தூக்கமற்ற தொண்டையோடு, அந்தக் கடைசி விருத்தத்தைச் சுருதி பிசகாமல் பாடி முடிக்கிறவனைத்தான் ஊரார் அடுத்த வருஷமும் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பார்கள். அவர்களுடைய காது தயவுதாட்சணியம் பார்ப்பதில்லை.

இந்த வழக்கமெல்லாம் செஞ்சியோடு நெருங்கப் பிணைந்தது. அருகிலுள்ள மேலச்சேரியின் திரௌபதி கோவிலை ஆதிக் கோவிலாகப் போற்றும் மரபு உண்டு; அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைடல் திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988-இல் வெளியிட்ட பெருநூல், செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம்வரை என்று தலைப்பிலேயே சொல்லிக்கொண்டு புறப்படுகிறது. 1714-இல் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து மாண்ட செஞ்சி மன்னன் தேசிங்கு ராஜனின் கதையும் இந்த மண்ணின் பாடகர்கள் வாயில்தான் முதலில் வாழ்ந்தது. 1960-இல் திரைப்படமானதெல்லாம் பிற்பாடு. 2025-இல் மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டதில் எனக்கு மகிழ்ச்சியே. கோட்டையின் ராஜகிரி மலையில் ஏறிப் பார்க்க வருகிறவர்கள் ஓர் இரவு கீழே தங்கிக் கூத்தையும் கேட்டுப் போனால் மகிழ்ச்சி இரட்டிக்கும்.

ஜீவனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு முதல் பதினைந்து பேர் கொண்ட ஜமாவில் வருமானம் பங்காகப் பிரிகிறது. கற்றுக்குட்டிக்குக் கால் பங்கு, தேர்ந்தவனுக்கு முழுப் பங்கு, வாத்தியாருக்கும் பெட்டி வைத்திருப்பவருக்கும் அதற்கு மேல். மாசி, பங்குனி தொடங்கி ஆவணிவரை ஓய்வில்லாத இரவுகள். மழைக்காலத்தில் கூலி வேலையும் கடனும். புரிசை நடேசத் தம்பிரானிடம் கற்ற ந. முத்துசாமி 1977-இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய பிறகு நகரத்தார் கவனம் ஓரளவு இந்தப் பக்கம் திரும்பியது. பெண் குழந்தைகளும் வேஷம் கட்டக் கற்கும் காலம் வந்தது. இவை நல்ல மாறுதல்கள். ஒலிபெருக்கியைப் பற்றி மட்டும் என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. தலைக்கு மேலே தொங்கும் ஒலிவாங்கியை நோக்கி நகர்ந்து நகர்ந்து பாடுகிறவனுக்கு ஆட்டம் குறுகிவிடுகிறது. தன் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்ற உணர்வு மழுங்கிவிடுகிறது. அதே சமயம் இரைச்சலோடு போட்டியிட்டு அவன் முன்னைவிட அதிகமாகக் கத்தவும் செய்கிறான்.

கூத்தர்களுக்கு விருதும் ஓய்வூதியமும் நல வாரியமும் இருக்கின்றன. குரலுக்கென்று ஒன்றும் இல்லை. மகரக்கட்டு உடையும் பையன்களை மழைக்கால மாதங்களில் சேர்த்துவைத்து, மூத்த வாத்தியார்கள் இருவரும் தொண்டை வைத்தியர் ஒருவரும் உடனிருந்து சாதகம் செய்விக்கும் ஒரு சிறிய நிலையம் செஞ்சியில் அமைய வேண்டும். செலவு அதிகமில்லை: ஒரு கூடம், ஒரு ஹார்மோனியம், ஒரு முகவீணை, பையன்களுக்கு இரண்டு வேளைச் சாப்பாடு. அடுத்த ஐப்பசியிலேயே தொடங்கலாம்.