இருவருக்கு ஒரு பத்தியம்

மட்டக்களப்பிலிருந்து வடக்கு நோக்கி வாழைச்சேனைக்குப் போகும் பெருவீதியில், சித்தாண்டியையும் சந்திவெளியையும் கடந்தபின் வருகின்ற கிரானில், மத்தியான வேளையில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தவர் சாப்பிடாமல் வெளியே வருவது எளிதன்று. ஆற்றுக்கு அப்பால் மேற்கே விரிந்து கிடக்கும் வட்டைகளின் நெல்லும், அங்கே மேயும் எருமைப் பட்டிகளின் தயிரும், வாவியும் கடலும் தருகின்ற மீனும் இறாலும் நண்டும் ஒரே அடுக்களையில் வந்து கூடுகின்ற ஊர் அது. வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று பிற பிரதேசத்தார் மட்டக்களப்பாரைப் பற்றிச் சொல்லிவரும் பழைய பேச்சில், மந்திரத்தின் பங்கைக் காட்டிலும் சோற்றின் பங்கே பெரிது என்பது என் அபிப்பிராயம்.

அப்படிப்பட்ட ஊரில் ஒருவன் சோற்றுக் கோப்பையைக் கண்டு அஞ்சுகிறான் என்று வைத்துக்கொள்வோம். நாற்பதை எட்டாத வயது. மாரியிலும் கோடையிலும் வட்டையில் வேளாண்மை செய்கிற திடமான சரீரம். ஆயினும் சில வருஷங்களாக வாரத்தில் இரண்டொரு நாளாவது வயிறு முறுக்குகிறது, பொழுது சாயச் சாய ஊதிக்கொள்கிறது, சில நாள் காலையிலே மூன்று முறை கழிகிறது, பிறகு நான்கு நாள் கட்டிக்கொள்கிறது. நெஞ்செரிவு தொடங்கிக் குடற்புண் ஈறாக வயிற்றின் சகல உபத்திரவங்களுக்கும் நம் நாட்டில் வழங்குகின்ற ஒரே திருநாமமாகிய 'கேஸ்டிரிக்' என்பதைச் சொல்லி மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கியும் பயன் இல்லை. இந்த மனிதனும் அவன் மனைவியும் என் கற்பனையில் நிற்பவர்கள்தாம். ஆனால் அவர்களுடைய சங்கடம் கற்பனையன்று.

இங்கே ஒரு விசேஷத்தைக் கவனிக்க வேண்டும். தாய்வழியாகக் குடி எண்ணுகின்ற மட்டக்களப்புத் தமிழர் வழக்கப்படி, கலியாணமானபின் பெண் புகுந்த வீடு செல்வதில்லை. ஆண்தான் மனைவியின் வீட்டுக்கு வந்து சேருகிறான். ஆகவே அவன் உண்பது தன் தாயின் கைச்சோறு அன்று; மாமியின் கைச்சோறு. மருமகன் கோப்பையில் கறியை ஒதுக்கி வைத்தால் அதனை வயிற்றின் குற்றமாகக் கருதாது, கைப்பக்குவத்தின் குற்றமாகவோ மனத்தின் குற்றமாகவோ கருதுவதற்கு ஒரு மாமிக்கு முழு உரிமை உண்டு. பத்தியம் என்பது நோயாளிக்கும் வைத்தியருக்கும் இடையே உள்ள விவகாரம் என்று புஸ்தகங்கள் எழுதுகின்றன. அது அடுப்படியில் நின்று கறி இறக்குகிறவர்களைத் தாண்டி ஓர் அடியும் நகராது என்பதை அனுபவம் காட்டுகிறது.

சட்டியைத் தொடுவதற்கு முன்னே வைத்தியசாலையின் வாசலை மிதிக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். மலத்தில் இரத்தம் காணுதல், காரணமின்றி உடல் மெலிதல், விட்டுவிட்டுக் காய்ச்சல், இரத்தச்சோகை, நித்திரையைக் கலைத்து எழுப்புகின்ற கழிச்சல், ஐம்பது வயதுக்குப்பின் புதிதாகத் தோன்றிய வயிற்றுக்கோளாறு, குடற்புற்று உண்டான குடும்பம் ஆகிய இவற்றுள் ஒன்று இருந்தாலும் வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ போகாமல் கஞ்சி குடித்துப் பார்ப்பது அபாயம். பெருங்குடலில் புண் பரப்பும் 'அல்சரேற்றிவ் கொலைற்றிஸ்' என்பதும், 1932 ஆம் ஆண்டில் நியூயோர்க் வைத்தியர் குரோனும் அவர் சகபாடிகளும் விவரித்தமையால் அவர் பெயரையே தாங்கிய 'குரோன்' வியாதியும் மேல்நாட்டாருக்கே உரியவை என்ற எண்ணம் ஒருகாலத்தில் நம்மிடம் இருந்தது. கொழும்பு, கம்பஹா ஆகிய இரு மாவட்டங்களின் வைத்தியசாலைகளில் நடத்தி 2010 இல் வெளியிடப்பட்ட ஆய்விலே, முன்னையது இலட்சத்துக்கு ஏறத்தாழ ஐவருக்கும் பின்னையது இலட்சத்துக்கு ஒருவருக்கும் இருப்பதாகக் கண்டார்கள். இந்நோய்களுக்கு மருந்தே பிரதானம், ஆகாரம் துணை. மருந்தை நிறுத்திவிட்டுப் பத்தியத்தை மட்டும் பிடித்துக்கொண்டவர் பின்னர் சத்திரசிகிச்சை மேசையில் அதற்கு விலை கொடுக்க நேரிடும்.

ஆகாரத்தின் வலிமையையும் குறைத்து மதிக்கலாகாது. வெப்பதேசங்களில் நாக்கும் வாயும் புண்ணாகி, வெளிறிய கழிச்சலோடு மனிதரை உருக்கிக் கொல்லும் ஒரு கிரகணிக்கு ஆங்கில வைத்தியர்கள் அக்காலத்தில் இட்ட பெயர்களுள் ஒன்று 'சிலோன் வாய்ப்புண்' என்பதாகும். நம் தீவின் பெயர் வைத்திய சாஸ்திரத்தில் இப்படி ஒரு மூலையில் ஏறியிருப்பதைப் பலர் அறியார். அதற்கு இன்று நிலைத்துவிட்ட 'ஸ்பிரூ' என்னும் பெயரோ ஒல்லாந்தச் சொல்லின் வழி வந்தது. 1880 இல் மான்சன் என்னும் ஸ்கொத்லாந்து வைத்தியரும், யாவாவில் இருந்த ஒல்லாந்தராகிய வான் டெர் பர்க்கும் தனித்தனியே அதனை விவரித்தார்கள். 1638 இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய அதே ஒல்லாந்தர் குலத்தில் பிற்காலத்தில் தோன்றிய டிக்கே என்ற குழந்தை வைத்தியர்தாம், கோதுமை சில குழந்தைகளின் குடலுக்கு நஞ்சாகிறது என்பதை உலகுக்கு நிலைநாட்டியவர். 1944 ஆம் ஆண்டின் கடுங்குளிர்ப் பஞ்சத்தில் பாண் கிடைக்காமற்போனபோது அக்குழந்தைகள் தேறியதும், பாண் திரும்பியபோது மீண்டும் நலிந்ததும் அவருடைய சித்தாந்தத்தை உறுதிசெய்தன. 1950 இல் அது பட்ட ஆய்வாக வெளிவந்தது. ஆனால் பஞ்சத்துக்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே, பாணை நிறுத்தினால் தன் பிள்ளைக்குச் சுகமாகிறது என்று ஒரு தாய் வந்து சொன்னதுதான் அவர் சிந்தையைத் தூண்டியது என்பர். அத்தாய்க்குச் சாஸ்திரம் தெரியாது. தான் எதைப் பரிமாறினாள் என்பதும், பரிமாறியபின் என்ன நடந்தது என்பதும் தெரியும். குடல் வியாதியிலே அந்த அறிவுக்கு ஈடான அறிவு வேறில்லை.

எலேன் கொட்சால் என்ற அம்மையார் கதையும் இதைப் போன்றதே. 1950களில் தம் சிறுமகளுக்குக் குடற்புண் முற்றிச் சத்திரசிகிச்சையே வழி என்று சொல்லப்பட்ட நிலையில், முன்னர் 1924 இல் வாழைப்பழப் பத்தியத்தைப் பிரசித்தப்படுத்திய முதியவர் ஹாஸ் என்பவரிடம் சென்று, தானியங்கள் யாவற்றையும் விலக்கிய ஒரு போசன முறையைக் கற்றுப் பின்னர் அதனைப் புஸ்தகமாக எழுதி மேல்நாடெங்கும் பரப்பினார். அம்முறையில் பழம் உண்டு, இறைச்சி உண்டு, இருபத்துநான்கு மணிநேரம் புளிக்கவைத்த தயிர் உண்டு. அரிசி ஒரு மணியும் இல்லை. மூன்று வேளையும் நெல்லால் வாழுகிற கிரானில் இதை அனுஷ்டிக்கச் சொல்வது மீனைத் தரையில் நடக்கச் சொல்வதாகும். நல்லவேளையாக, அமெரிக்காவில் ஏறத்தாழ இருநூறு குரோன் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவாருக்கு இம்முறையையும் மறு பிரிவாருக்கு மீனும் காய்கறியும் ஒலிவ் எண்ணெயும் மிகுந்த மத்தியதரைக்கடல் நாட்டு உணவையும் ஆறு வாரம் கொடுத்துப் பார்த்து 2021 இல் வெளியிட்ட பரீட்சையில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை.

நாம் கற்பனை செய்த கணவனுக்குப் பரிசோதனைகளில் புண்ணும் இல்லை, இரத்தமும் இல்லை. வைத்தியர்கள் 'ஐ.பி.எஸ்.' என்று சுருக்கிச் சொல்லும் குடற்சினம் அவனுடையது: மூன்று மாதமாக வாரத்தில் ஒரு நாளாவது வயிற்றுவலி இருந்து, அது மலப்போக்கோடு தொடர்புற்றிருந்தால் அதனை இப்பெயரால் அழைப்பர். உயிரை வாங்காது, உயிரோடு இருப்பதன் சுகத்தை வாங்கிவிடும். கடுமையான வயிற்றோட்டத்துக்குப்பின் பத்தில் ஒருவருக்கு இது எஞ்சிவிடுகிறது என்பர். கனடாவில் வாக்கர்ட்டன் என்னும் சிற்றூரில் 2000 ஆம் ஆண்டு குடிநீர் கெட்டு ஈராயிரத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றபின் பலர் வருஷக்கணக்காக இவ்வுபத்திரவத்தை அனுபவித்தார்கள். மாரி வெள்ளம் கிணற்றுக்குள் இறங்குகின்ற நம் ஊர்களுக்கு இச்செய்தி தூரத்துச் செய்தியன்று.

இதற்குரிய ஆகார முறையை 2005 அளவில் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் கிப்சன், ஷெப்பர்ட் என்ற இருவர் வகுத்தார்கள். 'ஃபொட்மாப்' என்பது அதன் பெயர். சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சில சர்க்கரைகளும் குறுஞ்சரங்களும் நீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்கு இறங்கி, அங்குள்ள நுண்ணுயிர்களால் புளித்து வாயுவாகின்றன. சாதாரண வயிறு அதைப் பொருட்படுத்துவதில்லை, சினங்கொண்ட குடலோ ஒவ்வொரு குமிழியையும் வலியாக எண்ணுகிறது. வெங்காயம், உள்ளி, கோதுமை, பருப்பு வகைகள், பால், நன்றாகக் கனிந்த மாம்பழம் ஆகியன இவ்வகைச் சரக்கை மிகுதியாக உடையவை.

இங்கேதான் கிரான்வாசி பாக்கியவான். தானியங்களுள் அரிசியே சிறுகுடலிலேயே பெரும்பாலும் ஜீரணமாகி, வாயுவை மிகக் குறைவாக உண்டாக்குவது. மீனிலும் இறாலிலும் இச்சர்க்கரை இல்லை. கத்தரிக்காயும் கரட்டும் அளவோடு உண்ணத்தக்கவை. வாழைப்பழத்திலும் தோல் கறுத்துக் குழைந்ததை விட்டுச் சற்றுக் கெட்டியானதை எடுத்தால் போதும். எதிரி வேறு வழியாக நுழைகிறான். இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் அரிசிமாவின் இடத்தில் கோதுமைமா குடிபுகுந்ததும், காலையில் பாண் என்பது நிலைத்துவிட்டதும் ஒரு வழி. மற்றொரு வழியைச் சொல்லச் சிரிப்பு வருகிறது: எருமைப் பட்டிகள் நிறைந்த பிரதேசத்தில், நியூசீலாந்திலிருந்து கப்பலேறி வரும் பால்மாவைக் கரைத்து நாளுக்கு நான்கு முறை தேத்தண்ணி குடிக்கிறோம். உலகில் வயதுவந்தோர் மூவரில் இருவருக்குப் பாற்சர்க்கரையை ஜீரணிக்கும் சக்தி குன்றிவிடுகிறது. தயிரிலோ அச்சர்க்கரையின் ஒரு பகுதியை நுண்ணுயிர்களே உண்டுவிட்டு மீதியை ஜீரணிக்கவும் துணைசெய்வதால், பால் ஏற்காத பலருக்குச் சிறு கிண்ணத் தயிர் ஏற்கிறது. எருமைப் பாலில் கொழுப்பு நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு என்பதை மாத்திரம் மறவாமல், சட்டியோடு கவிழ்க்காதிருந்தால் சரி.

இப்போது தம்பதிகளின் வேலைக்கு வருவோம். இம்முறையில் மூன்று கட்டம் உண்டு: இரண்டு முதல் ஆறு வாரம் வரை விலக்குதல், அதன்பின் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தல், இறுதியில் தாங்கக்கூடியதையெல்லாம் திரும்பப் பெறுதல். நம்மவர்கள் முதற்கட்டத்தை ஆயுள் விரதமாக்கிக் கொள்கிறார்கள் என்பதே என் முறைப்பாடு. விலக்குவது தண்டனையன்று, பரீட்சை. பரீட்சை முடியும் நாள் வரவேண்டும். நெடுநாள் விலக்கினால் சத்தும் குறையும், குடலில் நன்மை செய்யும் நுண்ணுயிர்களும் குன்றும். ஆகையால் ஒரு கொப்பி வேண்டும். இடப்பக்கத்தில் சமைத்தவள் எழுதுவாள்: இன்று சொதியில் வெங்காயம் எத்தனை, தேங்காயின் முதற்பாலா இரண்டாம் பாலா, கொச்சிக்காய் எவ்வளவு. வலப்பக்கத்தில் உண்டவன் எழுதுவான்: எத்தனை மணிக்கு வலித்தது, எப்படிக் கழிந்தது, அன்று வட்டையில் யாரோடாவது சச்சரவு உண்டா. சச்சரவையும் எழுதத்தான் வேண்டும். குடலுக்கும் மனத்துக்கும் இடையே ஓடுகின்ற நரம்புகள் அதை எழுதாமலே குறித்துக்கொள்கின்றன. ஒருவர் பக்கத்தை மற்றவர் எழுதத் தொடங்கினால் கொப்பி வழக்குப் புஸ்தகமாகிவிடும்.

தனிச்சட்டி வைப்பதில் சாமர்த்தியம் தேவை. உள்ளியின் கெடுதியான சரக்கு நீரில் கரையுமேயன்றி எண்ணெயில் கரையாது. எனவே உள்ளியை எண்ணெயில் வதக்கி, பல்லை எடுத்து எறிந்துவிட்டு, மணம் ஏறிய எண்ணெயில் கறியைத் தாளித்தால் வாசனை கிடைக்கும், வலி கிடைக்காது. வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி வெங்காயத்தின் ஸ்தானத்தை ஓரளவு நிரப்பும். பருப்பை நெடுநேரம் ஊறவைத்து, அவித்த நீரை இறுத்துவிட்டால் சிறு அளவு தாங்கும். இவ்வளவும் செய்து கறியை அடிப்படையாக ஒன்றாகவே வைத்து, கணவனுக்குரியதை எடுத்தபின் மற்றவர்களுக்கு வதக்கிய வெங்காயத்தைச் சேர்த்தால் இரண்டு சமையல் வேண்டாம். அறுவடைக் காலத்தில் வாடியில் தங்குகிறவனுக்கு இந்த உபாயம் போதாது; அங்கே பொதுச்சட்டிதான். சோற்றைக் கட்டிக் கொடுத்துவிடும்போது, "இஞ்சாருங்க, அவங்கட கறியக் கொஞ்சமா எடுங்க" என்று சொல்லி அனுப்புவதற்கு மேல் ஒன்றும் செய்ய இயலாது. அந்த நாட்களை அப்படியே கொப்பியில் குறித்து மறந்துவிட வேண்டும்.

மனைவியும் கூடவே பத்தியம் இருப்பது அன்பின் அடையாளம் என்று பேசுவோர் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. எல்லாரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் பழக்கமும் இரத்தச்சோகையும் நம் பெண்களிடம் ஏற்கெனவே போதிய அளவு உள்ளன. தேவையில்லாத ஒருத்தி பருப்பையும் பாலையும் விலக்குவதால் கணவன் குடலுக்கு எள்ளளவும் லாபமில்லை. அவள் தன் பங்குக்குப் பருப்பும் முருங்கையிலையும் முட்டையும் உண்ணட்டும். அவன் முன்னிலையிலேயே உண்ணட்டும். கூட உட்கார்ந்து உண்பது வேறு. அதையே உண்பது வேறு.

முதல் வாரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்ட மாமி, நாலாம் வாரத்தில் மருமகன் காலையில் தடையின்றி வட்டைக்குப் புறப்பட்டதைப் பார்த்திருப்பாள். ஏழாம் வாரத்தில், ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கத் தொடங்கும் நாளில், அரிவாள்மணையின் முன் உட்கார்ந்து மகளை அவள் கேட்கக்கூடும்: "இண்டைக்கு வெங்காயமா புள்ள, உள்ளியா? எத்தின துண்டு?"