ஆன்லைன் மொழி வகுப்பில் பேச்சு ஏன் மோதிக்கொள்கிறது?

ஜெர்மனியில் செவிலியர் வேலைக்காகச் சென்னையில் இருந்தபடியே ஆன்லைனில் ஜெர்மன் படிப்பவர்கள் உண்டு. ஆசிரியை கேள்வி கேட்கிறார்; பதில் இல்லை. அவர் மறுபடி தொடங்க, அதே நொடியில் மாணவியும் வாய் திறக்கிறார். இருவரும் நிறுத்துகிறார்கள். நேரில் இந்தத் தொல்லை குறைவு. ஏன்?

நேர்ப் பேச்சில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி, சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். 10 மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது.

வீடியோவில் உங்கள் குரல் சிறுசிறு துண்டுகளாக நறுக்கி அனுப்பப்படுகிறது. சீர்வரிசைத் தட்டுகள் பல ஆட்டோக்களில் கல்யாண மண்டபத்துக்கு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று முந்தும், ஒன்று நெரிசலில் சிக்கும். வரிசையாக உள்ளே போக, வாசலில் சற்றுக் காத்திருக்க வேண்டும். செயலியும் அப்படித்தான் காத்திருக்கிறது. ரொம்பப் பிந்திய தட்டை விட்டுவிட்டு வரிசை கிளம்பிவிடும். நடுவில் காணாமல் போகும் எழுத்து அதுதான்!

கேள்வி போகவும் தாமதம், பதில் வரவும் தாமதம். புது மொழியில் வாக்கியம் கோக்கும் நேரமும் கூடினால்? மௌனம் நீள்கிறது, 'பதில் தெரியவில்லை போல' என்று ஆசிரியை குறுக்கிடுகிறார். ஒவ்வொருவர் குரலும் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்வதால், எல்லோரும் சேர்ந்து ஒப்பித்தாலும் குழறுகிறது.

வழி எளிது. பெயர் சொல்லிக் கேளுங்கள், ஒருவர் மட்டும் பேசட்டும். கேட்டபின் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பதில் வழியில் வந்துகொண்டிருக்கலாம்!