இமையோர மஞ்சள் படிவு: காஞ்சிபுரம் நெசவாளர் சூழலில் ஒரு விளக்கம்

காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் நாற்பது வயதை ஒட்டிக் கண் மருத்துவரை நாடுவது இயல்பு. அவ்வயதில் அண்மைப்பார்வை தளர்கிறது. அறுந்த பாவிழையின் நுனியைத் தேடிப் பிணைப்பது கடினமாகிறது. கண்ணாடி பெற்றதும் அச்சந்திப்பு முடிந்துவிடுகிறது. ஏறத்தாழ அதே வயதில்தான் சிலருக்கு இமைகளில், பெரும்பாலும் மூக்கை ஒட்டிய உள்மூலையில், மென்மையான மஞ்சள் படிவுகள் தோன்றுகின்றன. அவை வலிப்பதில்லை, பார்வையை மறைப்பதில்லை, ஆகவே பேசப்படுவதுமில்லை. அப்படிவு உணர்த்துவது கண்ணின் நிலையையன்று, குருதிக்குழாய்களின் நிலையை என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

மருத்துவம் இதனைச் சாந்தெலாஸ்மா என்கிறது. கிரேக்கத்தில் ‘சாந்தோஸ்’ என்பது மஞ்சள். ‘எலாஸ்மா’ என்பது அடித்துத் தட்டையாக்கிய உலோகத் தகடு. வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கிப் பட்டிழைமேல் சுற்றிப் பொன்முலாம் பூசும் சரிகைத் தொழிலை அறிந்த ஊருக்கு இப்பெயரின் பொருள் எளிதில் விளங்கும். ‘கொழுப்புக் கட்டி’ என்னும் வழக்கு இங்குப் பொருந்தாது. அது தோலுக்கடியில் திரளும் வேறொரு கட்டியைக் குறிப்பது. ‘இமை மஞ்சள் படிவு’ என்பதே தகும் என்பது என் கருத்து.

குருதியிலுள்ள குறையடர்த்திக் கொழுப்புப்புரதம் நுண்குழாய்ச் சுவரைக் கடந்து தோலில் கசிகிறது. அதனை விழுங்கும் அணுக்கள் கொலஸ்ட்ராலால் நிரம்பி, நுண்ணோக்கியில் நுரைபோல் தோன்றுகின்றன. இதயத் தமனிச் சுவரில் அடைப்புக்கு வித்திடுவனவும் இத்தகைய நுரையணுக்களே.

எனினும், படிவுடையோரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் குருதிக் கொலஸ்ட்ரால் இயல்பளவிலேயே இருக்கிறது. அவர்களுக்கு அச்சமில்லை எனலாமா? கோபன்ஹேகன் நகர இதய ஆய்வு 1976–78இல் பரிசோதித்த 12,745 பேரை 2009 வரை தொடர்ந்தது. 2011இல் வெளியான முடிவின்படி, தொடக்கத்தில் 4.4 விழுக்காட்டினருக்கு இப்படிவு இருந்தது; அவர்களின் மாரடைப்பு இடர் ஏனையோரைவிட 48 விழுக்காடு மிகுதி. கொலஸ்ட்ரால் அளவு உள்ளிட்ட அறியப்பட்ட காரணிகளைக் கணக்கிற்கொண்ட பின்னரும் இவ்வேறுபாடு நீடித்தது. கருவிழியைச் சூழும் வெண்வளையமோ அவ்வாறு தனித்த குறியாக நிற்கவில்லை. டென்மார்க்கு மக்களிடம் கண்ட அளவை அப்படியே தமிழர்க்குப் பொருத்துதல் கூடாது; அது காட்டும் திசையைக் கொள்ளலாம்.

அமிலம், லேசர், அறுவை ஆகியவற்றால் படிவை நீக்கலாம். அது மீண்டும் வருவதுண்டு. நீக்கியதால் இதய இடர் குறைவதில்லை. ஆகவே, கண்ணாடி அளவு பார்ப்பவர் இமையையும் ஒருகணம் நோக்கி, கொழுப்பு, சர்க்கரை, குருதியழுத்தச் சோதனைகளுக்கு அனுப்புவது பயன்தரும். தறியை விட்டு வருபவர் ஒருநாள் கூலியை இழந்தே வருகிறார். கொழுப்புச் சோதனைக்கு வெறும் வயிறு பெரும்பாலும் கட்டாயமன்று என்பதால், அன்றே குருதி எடுத்துவிடலாம்.