கருத்தை நோயாக்கும் அதிகாரம்

சோவியத் ராணுவத்தில் மேஜர் ஜெனரலாக இருந்த பியோத்தர் கிரிகோரென்கோவை 1969இல் இரண்டு மருத்துவக் குழுக்கள் பரிசோதித்தன. ஆகஸ்டில் தாஷ்கண்டில் கூடிய முதல் குழு, அவருக்கு மனநோய் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தது. நவம்பரில் மாஸ்கோவின் செர்ப்ஸ்கி நிறுவனத்தில் கூடிய இரண்டாவது குழு, அவருடைய ஆளுமையே நோயுற்றுத் திரிந்துவிட்டது என்றும், சீர்திருத்த எண்ணங்கள் அவரைப் பீடித்திருப்பது அதன் அடையாளம் என்றும் முடிவுசெய்தது. ஸ்டாலின் காலத்தில் தாயகத்திலிருந்து வெளியேற்றப்பட்ட கிரிமியத் தாத்தார் மக்கள் ஊர் திரும்ப வேண்டும் என்று வாதாடியதுதான் அவர் செய்த ‘குற்றம்’. நீதிமன்றம் இரண்டாவது முடிவை ஏற்றது. 1974 வரை அவர் மனநோய் மருத்துவமனைகளில் அடைத்துவைக்கப்பட்டார். பின்னர் அவர் அமெரிக்கா சென்றபோது, அங்குள்ள மனநல மருத்துவர்கள் பரிசோதித்து, மனநோய்க்கான தடயம் இல்லை என்று அறிவித்தார்கள். இதைச் சில கொடிய மருத்துவர்களின் குற்றமாக மட்டும் பார்த்தால் பாதிப் பாடமே கிடைக்கும். நோய்க்கு எல்லை வகுக்காத ஒரு கோட்பாடும், அரசுக்கு ‘முடியாது’ என்று சொல்ல இயலாத ஒரு மருத்துவ அமைப்பும் கைகோத்தால், மனசாட்சியுள்ள மருத்துவரைக்கூட அந்த ஏற்பாடு சிறைக்காவலராக்கிவிடும்.

சிறை இருக்க மருத்துவமனை எதற்கு?

எதிர்ப்பாளர்களைத் தண்டிக்க சோவியத் அரசிடம் சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. ரஷ்யக் குற்றவியல் சட்டத்தின் 70ஆவது பிரிவு சோவியத் எதிர்ப்புப் பிரச்சாரத்தைக் குற்றமாக்கியது. 1966இல் சேர்க்கப்பட்ட 190-1 பிரிவு, அரசை அவதூறு செய்வதைக் குற்றமாக்கியது. ஆனால், வழக்கு என்று வந்தால் குற்றம்சாட்டப்பட்டவர் வாய்திறப்பார். ஏன் அப்படிப் பேசினேன் என்று காரணம் சொல்வார். அது கைப்பிரதியாக ஊரெங்கும் பரவும். தன் செயலுக்குப் பொறுப்பேற்க இயலாத மனநிலையில் இருக்கிறார் என்று மருத்துவர்கள் சான்று அளித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அவர் இல்லாமலேயே விசாரணை முடிந்துவிடும். சிறைத் தண்டனைக்கு ஆண்டுக் கணக்கு உண்டு. கட்டாயச் சிகிச்சைக்குக் கெடு இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூடும் குழு, நோய் நீங்கவில்லை என்று எழுதினால் அடைப்பு தொடரும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் சொன்ன கருத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமையே அரசுக்கு இல்லாமல்போகும்.

இந்தச் சிகிச்சை நடந்த ‘சிறப்பு மனநோய் மருத்துவமனைகள்’ சுகாதாரத் துறையின்கீழ் இயங்கவில்லை; காவல் துறையை நடத்திய உள்துறை அமைச்சகத்தின்கீழ் இருந்தன. கஸான், செர்னியாகோவ்ஸ்க், திநெப்ரோபெத்ரோவ்ஸ்க் ஆகிய ஊர்களின் பெயர்கள் இதனாலேயே அச்சத்துக்குரியவை ஆயின. குற்றத் தண்டனை பெற்ற கைதிகள் அங்கே வார்டு உதவியாளர்களாக வேலை பார்த்தார்கள். கந்தகத்தை எண்ணெயில் கலந்து ஊசியாகப் போட்டார்கள். அது கடும் காய்ச்சலையும் தாங்க முடியாத வலியையும் தந்தது. ஹாலோபெரிடால் என்ற மருந்தை, பக்கவிளைவைத் தணிக்கும் மாற்று மருந்து இல்லாமல் செலுத்தினார்கள். 1972இல் கைதான உக்ரைன் கணித அறிஞர் லியோனித் பிளியுஷ், திநெப்ரோபெத்ரோவ்ஸ்கில் இந்த மருந்தால் உருக்குலைந்தார். பன்னாட்டு எதிர்ப்புக்குப் பிறகு 1976 ஜனவரியில்தான் அவர் விடுவிக்கப்பட்டார். தன் கருத்து நோயின் விளைவு என்று ஒப்புக்கொள்வதே குணமடைந்ததற்கு அங்கே அடையாளம். நோயைக் குணப்படுத்தும் இடத்தில் மன்னிப்புக் கடிதத்துக்கு என்ன வேலை?

எல்லையற்ற நோய்

இதற்கு அறிவியல் பூச்சு கொடுத்தது, ஆந்த்ரேய் ஸ்னெஷ்னெவ்ஸ்கி தலைமையிலான மாஸ்கோ மனநல மருத்துவப் பள்ளி. மனச்சிதைவு நோய் மிக மெதுவாக, வெளியே தெரியாமல் ஊர்ந்து வரும் வடிவம் ஒன்று உண்டு என்று அந்தப் பள்ளி கற்பித்தது. மாயக்குரல்களும் மாயக்காட்சிகளும் இல்லாமலேயே ஒருவர் நோயாளியாக இருக்கலாம். வேலைக்குப் போகலாம், குடும்பம் நடத்தலாம், தெளிவாகப் பேசலாம். பிடிவாதம், அதிகாரிகளோடு மோதல், சமூகத்தைத் திருத்தும் ஆர்வம் ஆகியவையே அறிகுறிகளாக எண்ணப்பட்டன. செக்கோஸ்லோவாக்கியா மீதான படையெடுப்பைக் கண்டித்து 1968 ஆகஸ்ட் 25 அன்று செஞ்சதுக்கத்தில் அமர்ந்தவர்களில் ஒருவரான கவிஞர் நதாலியா கோர்பனேவ்ஸ்காயா, இந்த நோய்ப்பெயரோடுதான் கஸானுக்கு அனுப்பப்பட்டார். தான் நலமாக இருப்பதாகச் சொன்னால், நோயை உணராததும் ஓர் அறிகுறியாகிவிடும். இப்படிப்பட்ட நோயிலிருந்து எவராலும் தன்னை விடுவித்துக்கொள்ள முடியாது.

அந்தக் கால மருத்துவ அறிவே அவ்வளவுதான், மருத்துவர்கள் நம்பியதையே எழுதினார்கள் என்று வாதிடுவோர் உண்டு. இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மாஸ்கோ பள்ளியில் படித்த பலர் அந்தக் கோட்பாட்டை மனதார நம்பியிருக்கலாம். ஆனால், உலக சுகாதார நிறுவனம் அந்தக் காலத்தில் நம் ஆக்ரா உட்பட ஒன்பது மையங்களில் நடத்திய மனச்சிதைவு ஆய்வு வேறொன்றைக் காட்டுகிறது. மற்ற இடங்களைவிட மாஸ்கோவிலும் வாஷிங்டனிலும் மனச்சிதைவு என்ற முத்திரை தாராளமாகக் குத்தப்பட்டது தெரியவந்தது. இரண்டு நகரங்களிலும் வரையறை தளர்வாகவே இருந்தது. ஆனால், அரசியல் எதிர்ப்பாளர்களை நிரந்தர நோயாளிகளாக்கும் ஏற்பாடு மாஸ்கோவிடம்தான் இருந்தது. மருத்துவரின் சான்றை எதிர்க்கக்கூடிய வழக்கறிஞர், சுதந்திரமான நீதிமன்றம், அரசைக் கேள்வி கேட்கும் பத்திரிகை ஆகியவை அங்கே இல்லை. ஆக, அறிவியலின் குறைபாடு கதவைத் திறந்துவைத்தது. தடுப்பார் இல்லாத அரசு உள்ளே நுழைந்தது.

மருத்துவத்தின் மீது பழி போடலாமா?

இந்த வரலாற்றை வைத்து மனநல மருத்துவமே மோசடி என்று சொல்வோரும் உண்டு. அந்த முடிவு தவறானது, ஆபத்தானதும்கூட. மனச்சிதைவு உண்மையான நோய். சிகிச்சை கிடைக்காமல் துன்புறுவோர் ஏராளம். இந்த அநீதியை அம்பலப்படுத்தியவர்களில் முன்னால் நின்றவர்களும் மனநல மருத்துவர்களே. கீவ் நகரின் இளம் மருத்துவர் செமியோன் குளூஸ்மன், கிரிகோரென்கோ நலமாக இருக்கிறார் என்று ஆவணங்களின் அடிப்படையில் அறிக்கை தயாரித்தார். 1972இல் கைதான அவருக்கு ஏழாண்டு முகாம் தண்டனையும் நாட்டுக்குள்ளேயே தொலைவில் மூன்றாண்டுக் கட்டாயவாசமும் விதிக்கப்பட்டன. கார்கிவ் மருத்துவர் அனத்தோலி கொர்யாகின், இப்படி முத்திரை குத்தப்பட்டவர்களைத் தானே பரிசோதித்து, அவர்களிடம் நோய் இல்லை என்று எழுதினார். 1981இல் அவரும் சிறைக்குப் போனார். அரசு எதிர்ப்பாளர் விளாதிமிர் புக்கோவ்ஸ்கி 1971இல் மேற்கு நாடுகளுக்கு அனுப்பிய ஆவணங்கள் உலக மருத்துவர்களின் மனசாட்சியைத் தட்டின. 1977இல் ஹொனலூலுவில் கூடிய உலக மனநல மருத்துவச் சங்கம், 90க்கு 88 என்ற வாக்குக் கணக்கில் சோவியத் முறையைக் கண்டித்தது. வெளியேற்றப்படும் நிலை வந்தபோது, 1983இல் சோவியத் அமைப்பு தானே விலகியது.

‘எதிர்ப்பாளர்களில் சிலர் உண்மையிலேயே நோயாளிகளாக இருந்தால்?’ என்று கேட்கலாம். இருக்கலாம். மனநோயுள்ளவருக்கும் அரசியல் கருத்து உண்டு. அதைச் சொல்லும் உரிமையும் உண்டு. ஒருவருக்குச் சிகிச்சை தேவையா என்பதை அவருடைய துன்பமும், தனக்கோ பிறருக்கோ அவரால் நேரும் உடனடி ஆபத்துமே தீர்மானிக்க வேண்டும். துண்டறிக்கை கொடுத்ததைத் தீர்மானிக்கும் சான்றாகக் கொள்ளும் மருத்துவம், நோயாளிக்கும் நலமானவருக்கும் ஒருசேர அநீதி இழைக்கிறது.

இது ஒரு கட்சிக்கோ ஒரு நாட்டுக்கோ உரிய வியாதியும் அல்ல. ரஷ்யாவின் நிலையைச் சாடி எழுதிய சிந்தனையாளர் சாதாயேவை 1836இல் பைத்தியம் என்று அறிவித்தவர், ஜார் மன்னர் முதலாம் நிக்கொலாய். 1851இல் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட், அடிமைகள் தப்பி ஓடுவதை ஒரு மனநோய் என்று எழுதினார். சோவியத் ஒன்றியம் மறைந்த பிறகு, 2013இல், மாஸ்கோவின் பலோத்னயா சதுக்கப் போராட்ட வழக்கில் மிகயில் கொசென்கோவுக்குக் கட்டாய மனநலச் சிகிச்சை விதிக்கப்பட்டது. 2018இல் சீன அதிபரின் படத்தின்மீது மை வீசிய ஒரு பெண், மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்.

இந்தியாவின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, ஒருவருடைய அரசியல் நிலையையோ, சமூகத்தின் விழுமியங்களோடு அவர் ஒத்துப்போகாததையோ வைத்து மனநோயைத் தீர்மானிக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. அனுமதிக்கப்பட்டவர் முறையிடுவதற்கு மனநல மறுஆய்வு வாரியங்களையும் அது வகுத்திருக்கிறது. நல்ல சட்டம், ஆனால், தாஷ்கண்ட் மருத்துவர்களின் நேர்மையான அறிக்கையைக் காப்பாற்ற அங்கே எந்த வாரியமும் இல்லை என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். வாரியங்கள் எல்லா மாவட்டங்களுக்கும் எட்ட வேண்டும். அவை காலதாமதமின்றிக் கூட வேண்டும். அரசைச் சாராத மருத்துவரின் இரண்டாவது கருத்தைக் கேட்டுப் பெறும் உரிமை ஏழைக்கும் கிடைக்க வேண்டும். அடுத்த முறை அரசை எதிர்த்துப் பேசும் ஒருவரை ‘பைத்தியம்’ என்று யாரேனும் ஒதுக்கினால், அவர் சொன்னது சரியா தவறா என்று முதலில் கேளுங்கள். கருத்துக்குப் பதில் கருத்துதான், ஊசி அல்ல.