கடலில் மீன் குறைவது ஏன்? வாங்கும் நமக்கும் பொறுப்பு உண்டு



சில வாரங்களுக்கு முன் மஃக்ரிப் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வெளியே நின்றிருந்தபோது, ஜமாஅத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் கேட்டார். "ஹஜ்ரத், முன்னெல்லாம் இந்த மாசத்துல இந்த மீன் வரும்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லிடுவோம். இப்ப எது எப்ப வருதுன்னே தெரியல. வந்தாலும் விலை கேட்க முடியல. நம்ம பாவத்தால கடல்ல பரக்கத் போயிடுச்சா?"

பரக்கத் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. அதை இன்ன காரணத்தால் எடுத்துவிட்டான் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் அவர் கேள்வியில் ஒரு உண்மை இருக்கிறது. மனிதர்களின் கைகள் செய்தவற்றால் நிலத்திலும் கடலிலும் சீர்கேடு வெளிப்படுகிறது என்ற கருத்தைத் திருக்குர்ஆன் சூரத்துர் ரூமின் 41ஆம் வசனத்தில் அல்லாஹ் எடுத்துரைக்கிறான். நிலத்தோடு கடலையும் பெயர் சொல்லிக் குறிப்பிடும் வசனம் அது. அப்படியானால் கடலில் மனிதனின் கை என்ன செய்திருக்கிறது? அதைத் தெரிந்துகொள்வது நம் கடமை.

கடல் தெரியாத ஊரின் மீன் சட்டி

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் இருக்கும் நமக்கு வீட்டு மாடியில் ஏறி நின்றாலும் கடல் தெரியாது. ஆனால் காசிமேட்டில் விடியும் முன்னே ஏலம் போகும் மீன், நாம் காலை உணவை முடிப்பதற்குள் நம் கடைத்தெருவுக்கு வந்துவிடுகிறது. வானகரம் சந்தையில் ஞாயிற்றுக்கிழமை நிற்கும் கூட்டமே சொல்லும், கடலுக்கும் நமக்கும் உள்ள உறவை.

முதலில் ஒரு செய்தி: கடலில் மீன் தீர்ந்துவிடவில்லை. கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி, 2024ஆம் ஆண்டில் இந்தியக் கரைகளில் இறக்கப்பட்ட மீன் சுமார் 34.7 லட்சம் டன். முந்தைய ஆண்டைவிட 2 விழுக்காடு குறைவு. தமிழ்நாட்டின் பங்கு 6.79 லட்சம் டன். குஜராத்துக்கு அடுத்த இரண்டாம் இடம்.

மொத்த எடை பெரிதாகச் சரியவில்லை. பிறகு ஏன் பெரியவர் அப்படிக் கேட்டார்? எந்த மீன், எந்த மாதத்தில், எந்தக் கரையில், எந்த அளவில் கிடைக்கிறது என்பதுதான் மாறிக்கொண்டிருக்கிறது. மீனவரும் வியாபாரியும் நம் வீட்டுப் பெண்களும் உணரும் மாற்றம் அதுவே.

சூடாகும் கடல், இடம் மாறும் மீன்

வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951 முதல் 2015 வரையிலான காலத்தில் சராசரியாக 1 டிகிரி செல்சியஸ் சூடாகியிருக்கிறது. ஒரு டிகிரிதானே என்று தோன்றும். நம் உடம்பில் ஒரு டிகிரி கூடினால் காய்ச்சல் என்று படுத்துவிடுகிறோம். மீனுக்கு நம்மைப்போல் உடலின் சூட்டைத் தானே சமன் செய்துகொள்ளும் அமைப்பு பெரும்பாலும் இல்லை. தண்ணீரின் சூடுதான் அதன் உடலின் சூடு. எப்போது முட்டையிடுவது, எங்கே இரை தேடுவது என்பதெல்லாம் அதைப் பொறுத்தே அமைகிறது. சூடு கூடினால் மீன் வேறு இடத்துக்குப் போகும், அல்லது ஆழத்துக்கு இறங்கும், அல்லது முட்டையிடும் காலத்தை மாற்றிக்கொள்ளும். மூன்றும் நம் கடல்களில் நடந்திருக்கின்றன.

மத்தி மீனை எடுத்துக்கொள்வோம். 1980களின் நடுப்பகுதி வரை நெய் மத்தி என்றால் கேரள, கர்நாடகக் கரைதான். நம் கிழக்குக் கரையில் பெயரளவுக்கே கிடைத்தது. அதன் பிறகு தமிழகக் கரையிலும் மத்தி கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கியது. இன்னொரு பக்கம், கேரளத்தில் 2012ஆம் ஆண்டு ஏறத்தாழ 4 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021இல் வெறும் 3,297 டன்னாகச் சரிந்தது. பின்னர் ஓரளவு மீண்டாலும், இடைப்பட்ட ஆண்டுகளில் அதை நம்பியிருந்த குடும்பங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

காணாங்கெளுத்தி, அதாவது நம் பக்கத்தில் கானாங்கத்தை என்று கேட்டு வாங்கும் மீன், முன்பு பெரும்பாலும் கடலின் மேல்மட்டத்தில் வலைக்குச் சிக்கும். இப்போது அடிமட்டத்தில் இழுக்கும் வலைகளிலும் அதிகம் கிடைக்கிறது. மேலே சூடு கூடும்போது மீன் கீழே இறங்குவதே இதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

மூன்றாவது உதாரணம் நம் சென்னைக் கடலிலேயே இருக்கிறது. சங்கரா என்ற பொதுப் பெயரில் விற்கப்படும் இளஞ்சிவப்பு மீன்களில் நெமிப்டெரஸ் என்ற இனமும் ஒன்று. சென்னைக் கடலில் இந்த இனத்தின் ஒரு வகையை ஆராய்ச்சி நிறுவனத்தார் தொடர்ந்து கவனித்தார்கள். 1980களின் தொடக்கத்தில் முட்டையிடும் மீன்களில் சுமார் 35 விழுக்காடு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான வெப்பமான மாதங்களில் காணப்பட்டன. 2004இல் அது 5 விழுக்காடாகக் குறைந்தது. மற்றவை அனைத்தும் அக்டோபர் முதல் மார்ச் வரையிலான குளிர்ந்த மாதங்களுக்கு மாறிவிட்டன. கடல் சூடானதும் மீன் தன் நாட்காட்டியையே மாற்றி எழுதிக்கொண்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தடைக்காலத்தைப் பற்றிப் பேசும்போது மீண்டும் வருவோம்.

வலையின் பங்கு

வெப்பத்தை மட்டும் குறை சொன்னால் பாதி உண்மையை மறைத்தவர்கள் ஆவோம். மறுபாதி வலையில் இருக்கிறது.

விசைப்படகுகள் இழுக்கும் இழுவை வலையின் கடைசிப் பகுதியான மடியில் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது விதி. சிறிய மீன்கள் தப்பிப் போக வேண்டும் என்பதே நோக்கம். கண்ணி அதைவிடச் சிறுத்தால் குஞ்சும் குறுமீனும் சேர்ந்தே வந்துவிடும். மனிதர் உண்ணப் பயன்படாத அந்தக் கலப்பு மீனை நம் கரையோரங்களில் சங்காயம் என்பார்கள். அது மலிவு விலைக்குத் தீவன ஆலைக்குப் போகிறது. கடலில் விட்டிருந்தால் சில மாதங்களில் கிலோ நூற்றுக்கணக்கில் விலை போகக்கூடிய மீன், கோழித் தீவனமாக அரைபடுகிறது. மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குமடி வலை தொடர்பான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2023 ஜனவரியில் கடுமையான கட்டுப்பாடுகளுடன் 12 கடல் மைலுக்கு அப்பால் மட்டும் இடைக்கால அனுமதி தரப்பட்டதை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள்.

ஒரு மீன் ஒருமுறையாவது முட்டையிட்ட பிறகு பிடிபட்டால், அதன் இடத்தை நிரப்ப அடுத்த தலைமுறை இருக்கும். அதற்கு முன்பே பிடிபட்டால் வட்டிக்குப் பதில் முதலையே எடுத்துச் சாப்பிட்டதாகிறது என்று வியாபாரிகள் சொல்வார்கள். வட்டி நமக்கு ஹராம், ஆகவே இப்படிச் சொல்கிறேன்: விதை நெல்லை உலையில் போட்டதாகிறது. வெப்பத்தால் ஏற்கெனவே தடுமாறும் மீனினத்தின் குஞ்சுகளையும் நாம் அள்ளினால், அது மீண்டு வர வழி ஏது?

ஆனால் நம்பிக்கை இழக்கத் தேவையில்லை. 2022இல் இந்தியக் கடலின் 135 மீன்வளங்களை அதே நிறுவனம் மதிப்பிட்டபோது 91.1 விழுக்காடு நல்ல நிலையில் இருப்பதாகக் கண்டது. காப்பாற்ற வேண்டியது இன்னும் கையில் இருக்கும்போதே காப்பாற்றுவதுதான் அறிவு.

தடைக்காலமும் கடலோர ஊர்வாசிகளின் படிப்பினையும்

நம் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. தமிழ்நாட்டில் 2001இல் 45 நாட்களாகத் தொடங்கிய இந்தத் தடை 2017 முதல் 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. அந்த நாட்களில் வஞ்சிரம் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டுவதும், நாம் முணுமுணுப்பதும் வாடிக்கை.

ஹலாலான ஒன்றைச் சில நாட்களுக்குத் தடுப்பது மார்க்கத்துக்குப் புதிதா? இல்லை. இஹ்ராம் கட்டியவருக்கு நில வேட்டை தடை செய்யப்பட்டிருப்பதையும், கடல் வேட்டை அனுமதிக்கப்பட்டிருப்பதையும் சூரத்துல் மாயிதா சொல்கிறது. மக்கா, மதீனா புனித எல்லைகளுக்குள் வேட்டையாட எக்காலத்திலும் அனுமதியில்லை. பொது நலனுக்காக மேய்ச்சல் நிலத்தை ஒதுக்கிப் பாதுகாக்கும் 'ஹிமா' என்ற முறையும் நபி (ஸல்) அவர்கள் காலத்திலேயே இருந்தது.

மீன்பிடித் தடை என்றதும் சூரத்துல் அஃராஃபின் 163ஆம் வசனம் முதல் வரும் நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. பனூ இஸ்ராயீல் சமூகத்தின் ஒரு கடலோர ஊர். சனிக்கிழமை மீன் பிடிக்கக்கூடாது என்று அவர்களுக்குக் கட்டளை. சோதனையாக, அந்த நாளில்தான் மீன்கள் நீரின் மேல் திரண்டு வரும். மற்ற நாட்களில் வராது. அவர்கள் வெள்ளிக்கிழமையே வலை விரித்து, ஞாயிற்றுக்கிழமை அள்ளிக்கொண்டார்கள் என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். சட்டத்தின் சொல்லை மீறவில்லை என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டு, அதன் நோக்கத்தை மீறினார்கள்.

அந்த ஊரில் மூன்று கூட்டத்தார் இருந்தார்கள்: மீறியவர்கள், தடுத்தவர்கள், "இவர்களுக்கு ஏன் உபதேசம் செய்கிறீர்கள்" என்று கேட்டு ஒதுங்கியவர்கள். இன்று தடைக்கால விதியை மதித்துப் படகைக் கரையில் கட்டிவிட்டு, வருமானமின்றி இரண்டு மாதம் காத்திருக்கும் மீனவரின் தியாகம் பெரிது. ஆனால் ஜூன் 15 முதல் குஞ்சு மீனைக் கூடை கூடையாக நாம் வாங்கினால், அந்த 61 நாள் தியாகத்துக்கு என்ன பொருள்? நாம் எந்தக் கூட்டத்தில் நிற்கிறோம்?

சங்கராவின் கதையை இப்போது சேர்த்துப் பாருங்கள். தடை ஏப்ரலில் தொடங்கி ஜூனில் முடிகிறது. அந்த மீனோ முட்டையிடுவதை அக்டோபர் முதல் மார்ச் வரையிலான மாதங்களுக்குத் தள்ளிக்கொண்டது. ஆகவே தடைக்காலம் மட்டும் அதைக் காப்பாற்றாது. வலையின் கண்ணியும், பிடிபடும் மீனின் அளவும் ஆண்டு முழுவதும் கவனிக்கப்பட வேண்டும். கண்ணியை அரசும் மீனவரும் பார்க்கட்டும். அளவைப் பார்க்க வேண்டியவர், தராசுக்கு இந்தப் பக்கம் நிற்கும் நாம்.

நம் வீட்டிலிருந்து தொடங்குவோம்

*அளவு பார்த்து வாங்குங்கள்.* பெரியவர் ஒருவரின் மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை ஏறத்தாழ 18 சென்டிமீட்டர். கேரள அரசு காணாங்கெளுத்திக்கு 14, மத்திக்கு 10 சென்டிமீட்டர் என்று குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறது. அதற்கும் குறைவானதை வாங்காதீர்கள். ஒன்றரை அடிகூட இல்லாத வஞ்சிரம் பெரும்பாலும் ஒருமுறைகூட முட்டையிடாதது. நெத்திலி இயல்பிலேயே சிறியது, அதைக் குஞ்சு என்று ஒதுக்க வேண்டாம்.

*ஒரே மீனைத் துரத்தாதீர்கள்.* வலீமா என்றால் வஞ்சிர வறுவல் இருந்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதம் ஏன்? அன்று சந்தையில் அதிகம் வந்திருப்பது எது என்று கேட்டு வாங்கினால் விலையும் குறையும், ஒரே இனத்தின் மேல் சுமையும் குறையும்.

*தடைக்காலத்தில் பொறுமை.* அந்நாட்களில் நாட்டுப் படகுகள் பிடிக்கும் மீன் சட்டப்படியே வருகிறது. மேற்குக் கரையில் தடை ஜூன் 1இல்தான் தொடங்குவதால் அதுவரை அங்கிருந்தும் வரும். கட்லா, ரோகு போன்ற வளர்ப்பு மீன்களும் உண்டு. இறால், நண்டு விஷயத்தில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளுக்கிடையே உள்ள கருத்து வேறுபாடு நமக்குத் தெரியும். வீண் விரயம் கூடாது என்பதில் எந்த மத்ஹபிலும் கருத்து வேறுபாடு இல்லை.

*கூவத்தை மறவாதீர்கள்.* திருவேற்காடு, மதுரவாயல் வழியாகப் போகும் கூவம் வங்கக் கடலில்தான் கலக்கிறது. விருந்தில் பயன்படுத்திய பிளாஸ்டிக் தட்டும், குர்பானி கழிவும் கால்வாயில் விழுந்தால் போய்ச் சேரும் இடம் மீன் குஞ்சுகள் வளரும் கரையோர நீர். ஜமாஅத் நிர்வாகிகள் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்பே கழிவை அகற்ற ஏற்பாடு செய்தால் அதுவும் ஒரு நன்மையே.

பசியால் இலைகளைத் தின்னும் நிலைக்குப் போன 300 நபித்தோழர்களுக்கு, அபூ உபைதா (ரலி) தலைமையில் சென்ற பயணத்தில், கடல் ஒரு மாபெரும் மீனைக் கரையில் ஒதுக்கித் தந்ததை ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் நூல்களில் இருக்கிறது. அதைப் பல நாட்கள் உண்டார்கள். மதீனா திரும்பியதும் நபி (ஸல்) அவர்களும் அதில் உண்டார்கள். பசித்தவருக்கு அல்லாஹ் விரித்த உணவு விரிப்பு கடல். அந்த விரிப்பில் நமக்குப் பின் வரும் பிள்ளைகளும் உட்கார வேண்டும்.

அந்தப் பெரியவர் மறு வாரம் என்னைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஹஜ்ரத், நேத்து மீன்காரம்மாகிட்ட கையை வெச்சு அளந்து பார்த்துத்தான் வாங்கினேன். முதல்ல ஒரு மாதிரி பார்த்துச்சு. அப்புறம், 'பாய், எல்லாரும் இப்படிக் கேட்டா நாங்க ஏன் சின்னதை எடுத்தாரப் போறோம்'னு சொல்லிச்சு."

அவனுடைய அருட்கொடைகளை அளவோடு அனுபவிக்கும் நல்லடியார்களாக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக. ஆமீன்.