மூலமொழியில் மறைநூல்: கிரேக்கம் கற்போர் காண்பது என்ன?

நாடு விட்டு நாடு வந்து வாழும் எம்மைப் போன்ற மக்களைக் குறிப்பதற்கு மேற்குலகப் பத்திரிகைகள் ‘டயஸ்போறா’ என்னும் சொல்லைக் கையாளுகின்றன. விதை தூவப்பட்டாற்போலச் சிதறிக் கிடத்தல் என்பது அதன் பொருள். அது கிரேக்கச் சொல். புதிய ஏற்பாட்டில், பேதுருவின் முதலாம் நிருபத்தின் தொடக்க வாக்கியத்திலேயே அச்சொல் நிற்கின்றது. பொந்து, கலாத்தியா முதலிய ஐந்து பகுதிகளில் சிதறி வாழ்ந்த மக்களுக்கு எழுதப்பட்ட கடிதம் அது. மொழிபெயர்ப்பில் படிப்போர் கவனியாது கடந்து செல்லும் இத்தகைய சொற்களை நேரிற் கண்டுகொள்ளும் ஆவலினாலேயே, குருமாணவர் மட்டுமன்றிச் சாதாரண மக்களும் இன்றும் பழைய கிரேக்கத்தைக் கற்று வருகின்றனர்.

சந்தை மொழியில் எழுந்த நூல்

புதிய ஏற்பாட்டின் கிரேக்கம் பிளேட்டோ எழுதிய கிரேக்கம் அன்று. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்தரின் படையெடுப்புக்களை அடுத்து, எகிப்து தொடக்கம் ஆசியா வரை பல இனத்தவரும் பேசிய பொதுமொழி அது. ‘கொய்னே’, அதாவது ‘பொதுவானது’ என்பதே அதன் பெயர். செந்நெறி இலக்கியங்களிற் காணப்படாத பல சொற்கள் அதில் இருந்தமையால், அது தூய ஆவியானவரின் தனிமொழி என்று கருதியோரும் ஒரு காலத்தில் இருந்தனர். எகிப்தின் மணலிலிருந்து பாப்பிரசுத் தாள்கள் வெளிப்பட்டபோது அக்கருத்து வீழ்ந்தது. கடன் பத்திரங்கள், வரிச் சீட்டுக்கள், தாய்க்கு மகன் எழுதிய கடிதங்கள் ஆகியவற்றிலும் அதே மொழி இருப்பதை ஜேர்மனிய அறிஞர் அடோல்ப் டைஸ்மன் 1908இல் வெளியிட்ட தமது நூலில் எடுத்துக் காட்டினார். மறைநூல் எழுந்தது எளிய மக்களின் பேச்சுக்கு அண்மையான மொழியில் என்பது இதனாற் புலனாயிற்று.

இம்மொழியில் மறைநூல் முதலில் இடம்பெற்றதும் புலம்பெயர்ந்தோர் பொருட்டேயாகும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த யூதர்களிற் பலருக்குக் கிரேக்கமே வீட்டு மொழியாகிவிட்டது. எபிரேயத்தை மறந்துவிட்ட அத்தலைமுறையினருக்குப் பயன்படும் வண்ணம் பழைய ஏற்பாடு கிரேக்கத்தில் பெயர்க்கப்படலாயிற்று. பிள்ளைகள் பிரெஞ்சிலும் ஜேர்மன் மொழியிலும் சிந்திக்கத் தொடங்கிவிட்ட எமது குடும்பங்களுக்கு இந்த வரலாறு அந்நியமானதன்று.

ஒரு சொல்லினால் எழுந்த புயல்

மொழிபெயர்ப்பில் ஒரு சொல் எத்துணைப் பாரத்தைச் சுமக்கின்றது என்பதற்குச் சான்று தேடிப் பாசல் நகருக்குச் செல்லலாம். அங்கு 1516இல் எராஸ்முஸ் என்னும் அறிஞர் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு வெளியிட்டார். முப்பது வயதைக் கடந்த பின்னரே அவர் கிரேக்கத்தை முனைந்து கற்றார் என்பது, வயதைக் காரணங்காட்டித் தயங்குவோர் நினைவிற் கொள்ளத் தக்கது. மேற்கு ஐரோப்பா அதுவரை நம்பியிருந்த இலத்தீன் பெயர்ப்பில், இயேசுவின் முதல் அழைப்பு ‘தவமுயற்சி செய்யுங்கள்’ என்று பொருள்படும்படி நின்றது. கிரேக்க மூலத்திலோ ‘மெத்தானோயா’, அதாவது மனம் மாறுதல் என்னும் கருத்தே உண்டு. செய்யும் சடங்கு பற்றியதா, மாறும் மனம் பற்றியதா என்னும் இவ்வினா, 1517இல் மாட்டின் லூதர் வெளியிட்ட 95 கூற்றுக்களின் முதற் கூற்றிலேயே எதிரொலித்தது. தமிழ்ப் பெயர்ப்பில் உள்ள ‘மனந்திரும்புதல்’ என்னும் சொல் கிரேக்கத்துக்கு மிக நெருங்கியதென்பது நாம் மகிழத்தக்க செய்தி.

ஆயினும் எராஸ்முசின் பதிப்பும் குறையற்றதன்று. வெளிப்படுத்தல் நூலுக்கென அவர் பெற்றிருந்த ஒரேயொரு கையெழுத்துப் படியில் கடைசி ஏடு இல்லை. ஆகவே இறுதி ஆறு வசனங்களை அவர் இலத்தீனிலிருந்து தாமே கிரேக்கத்துக்கு மாற்றி அச்சேற்றினார். ‘மூலம்’ என்று கூறப்படுவதையும் ஆராய்ந்தே ஏற்றல் வேண்டும் என்பதற்கு இதனிலும் சிறந்த பாடம் இல்லை.

அந்நியரைச் சுட்டும் சொற்கள்

பேதுருவின் அதே நிருபம் வாசகரைப் ‘பறொய்க்கொஸ்’ என்று அழைக்கின்றது. குடியுரிமை இன்றி, வேற்றூரில் அயலாராக வாழ்பவர் என்பது பொருள். பழைய தமிழ்ப் பெயர்ப்பில் இத்தகையோரைக் குறிக்க வரும் ‘பரதேசி’ என்னும் சொல்லும் முதலிற் பிற தேசத்தவரையே குறித்தது. இன்றோ அது வசைச் சொல்லாகத் தேய்ந்துவிட்டது. இக்கிரேக்கச் சொல்லின் வழிவந்ததே பங்கைக் குறிக்கும் ‘பறுவாஸ்’ என்ற பிரெஞ்சுச் சொல். இன்று ஊரவரின் ஆலயச் சபையைக் குறிக்கும் அப்பெயர், அந்நிய மண்ணில் தங்கியிருத்தலையே தொடக்கத்திற் குறித்தது.

எபிரேயருக்கு எழுதிய நிருபம் வலியுறுத்தும் விருந்தோம்பலுக்குக் கிரேக்கச் சொல் ‘பிலோக்செனியா’. பிரித்து நோக்கின் ‘அந்நியர்மீது அன்பு’ என்றாகும். தமிழிலும் ‘விருந்து’ என்பதன் பழம்பொருள் புதுமை. விருந்தினர் எனப்பட்டோர் உறவினர் அல்லர், புதிதாய் வந்தோரே.

தமிழருக்கு எளிதா?

எழுத்துக்கள் 24. சில நாட்களிற் கற்றுவிடலாம். வேற்றுமை உருபுகள் ஐந்தென்றதும் ஆங்கிலேயர் மலைப்பர். எட்டு வேற்றுமைகளை நன்னூலிற் பயின்றோர் மலைக்க வேண்டியதில்லை. ‘இறையன்பு’ என்னும் தொகை இறைவனது அன்பையும் இறைவன்பால் வைத்த அன்பையும் குறிக்கும் என்பதை நாம் அறிவோம். அதே ஐயப்பாடு கிரேக்க ஆறாம் வேற்றுமையிலும் உண்டு. பழைய கிரேக்க ஏடுகள் சொற்களுக்கிடையே இடைவெளியின்றி எழுதப்பட்டமையும் எமது ஓலைச்சுவடிகளை நினைவூட்டும். இலண்டன் பிரித்தானிய நூலகத்திலுள்ள, 4ஆம் நூற்றாண்டுக்குரிய சீனாய் ஏட்டில் இதனைக் காணலாம்.

வினைச்சொல்லே கடினமான பகுதி. அதற்குப் பொறுமை வேண்டும். ஆயினும் ஐம்பது தடவைக்கு மேல் வரும் ஏறத்தாழ 300 சொற்களை அறிந்தால், புதிய ஏற்பாட்டின் சொற்பரப்பில் ஐந்தில் நான்கு பங்கு அறிமுகமாகிவிடும். யோவானின் நூல்களில் தொடங்குதல் நன்று. எபிரேயருக்கு எழுதிய நிருபத்தை இறுதிக்கு ஒதுக்கலாம்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. அகராதியைப் புரட்டி வேர்ச்சொல்லைக் கண்டவுடன் புதுப்பொருள் கண்டதாக முழங்குவது தவறு. சொல்லின் பொருளை அது வழங்கும் இடமே தீர்மானிக்கின்றது. மேலும், இயேசு பேசிய மொழி அரமேயம். ‘தலித்தா கூம்’ என்று அவர் கூறியதை எழுதும் மாற்கு, உடனே அதனைக் கிரேக்கத்தில் விளக்குகின்றார். ஆகவே மூலநூலினுள்ளும் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கின்றார்.

மொழிபெயர்ப்பாளரின் அருமையை எம்மவருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அகதி விண்ணப்ப விசாரணையில் எமது வாழ்வையே இன்னொருவரின் வாய்மொழியிடம் ஒப்படைத்தவர்கள் நாம். ஒரு சொல் பிசகினால் நேர்வது யாதென்பதை அறிவோம். அதேவேளை, அவரின்றி எமது குரல் கேட்கப்பட்டிருக்காது என்பதையும் அறிவோம். கிரேக்கத்திலிருந்து தமிழுக்குப் புதிய ஏற்பாட்டைப் பெயர்த்துத் தரங்கம்பாடியில் 1714, 1715ஆம் ஆண்டுகளில் அச்சிடச் செய்த சீகன்பால்கு போன்றோரின் உழைப்பை, மூலத்தைக் கற்பவரே முழுமையாக மதிக்க வல்லவர். தமிழ் மறைநூலை ஒரு பக்கமும் கிரேக்கத்தை மறு பக்கமும் வைத்து, நாளொன்றுக்கு ஒரு வசனமாகப் படிக்கத் தொடங்குங்கள். பிள்ளைகளையும் அருகில் இருத்திக்கொள்ளுங்கள். அவர்கள் கிரேக்கத்தோடு தமிழையும் கற்றுக்கொள்வர்.